மலைப்பாதை வரைந்த குறிக்குழல்

கம்பளையிலிருந்து புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவை அடையும் நெடுஞ்சாலையில் பயணம் செய்யாதார் மலைநாட்டில் மிகச் சிலரே. மகாவலி கங்கையின் கரையிலே கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,550 அடி உயரத்தில் இருப்பது கம்பளை. நுவரெலியாவின் உயரமோ 6,100 அடிக்கும் மேல். இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 35 மைல். கணக்கிட்டுப் பார்த்தால், சராசரியாக ஒவ்வொரு 40 அடி தூரத்திற்கும் ஓரடி வீதம் இப்பாதை ஏறுகிறது என்பது தெரியும். இதனைப் பொறியியலார் '40க்கு 1' என்னும் சாய்வு என்பர். உண்மையில் பாதை எங்கும் ஒரே சாய்வில் இல்லை. சில இடங்களில் தணிந்தும், றம்பொடைக்கு அப்பால் வளைந்து வளைந்து செங்குத்தாகவும் செல்கிறது. ஆயினும் வண்டி மூச்சுத்திணறி நின்றுவிடாமலும், இறங்கும்போது கைமீறி ஓடிவிடாமலும் இருக்கத்தக்க ஓர் ஒழுங்கு அதன் ஏற்றத்தில் உண்டு.

இந்த ஒழுங்கைக் காட்டினூடே கண்டுபிடித்தது எப்படி என்பது சிந்தனைக்குரியது. இன்று தேயிலைச் செடிகள் பசும்பாய் விரித்த சரிவுகளில் ஒருகாலத்தில் பெருங்காடு மூடியிருந்தது. பத்து யார் தூரத்திற்கு அப்பால் எதுவும் புலப்படாத காட்டிலே, எந்தப் பக்கம் எவ்வளவு ஏறவேண்டும் என்பதை வெறுங்கண்ணால் அறிதல் அரிது. மலைச்சரிவில் நிற்பவன் கண்ணை நம்பலாகாது. எதிரே மலை உயர்ந்து நிற்குமானால், மட்டமான நிலமும் தாழ்ந்து செல்வதுபோலத் தோன்றும். ஆகவே கண்ணுக்கு ஒரு துணை வேண்டியிருந்தது. அத்துணையாக மலைநாட்டில் வழங்கிய எளிய கருவி ஒன்றைப் பற்றி அறிவது நன்று. பொறியியல் நூல்கள் அதனைச் 'சிலோன் காட் டிரேசர்' என்று குறிப்பிடுகின்றன. 'காட்' என்பது மலைக்கணவாய்ப் பாதை. 'டிரேசர்' என்பது தடம் வரைவது. இலங்கையின் பழைய பெயரைத் தன் பெயரிலே தாங்கிய இக்கருவி, இந்தியாவின் நில அளவைப் பாடநூல்களிலும் இடம்பெற்றுள்ளது.

கருவியின் கதைக்கு முன்னர், அதனை வேண்டிநின்ற காலத்தைச் சற்று நோக்குவோம். 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமானது. 1820ஆம் ஆண்டளவில் தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ் கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெரும்பாதை அமைக்கும் வேலையைத் தொடங்கினார். அப்பணியை முன்னின்று நடத்திய பொறியாளர் கப்டன் டோசன், 1829இல் காலமானார். அவர் நினைவாகக் கடுகண்ணாவையில் எழுப்பிய கோபுரம் இன்றும் நிற்கிறது. அதே பாதையின் ஒரு பகுதியை அமைக்கும் பொறுப்பு தோமஸ் ஸ்கின்னர் என்னும் பதினாறு வயது இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. பயிற்சி எதுவுமின்றி வேலையில் இறங்கிய அவ்விளைஞரே பிற்காலத்தில் இலங்கைத் தெருக்களின் ஆணையாளராக உயர்ந்தார். இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தின் பேரில் ஊரவர்கள் அக்காலத்தில் வேலைக்கு அழைக்கப்பட்டனர். அம்முறை 1832ஆம் ஆண்டின் அரசாணையால் நீங்கியது.

அதே காலப்பகுதியில், 1820களில், கம்பளையை அடுத்த சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் ஒன்றைத் திறந்தார். வர்த்தக நோக்கில் இலங்கையில் எழுந்த முதற்கோப்பித் தோட்டங்களுள் அது முன்னணியில் வைத்து எண்ணப்படுவது. கோப்பி பெருகப் பெருகத் தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் வந்தனர். கல் உடைத்தவர்களும் பாதை செதுக்கியவர்களும் பெரும்பாலும் அவர்களே. தோட்டத்திற்குத் தோட்டம் வண்டிப்பாதை வேண்டும்; பாத்திக்குப் பாத்தி நீர் வடியும் கான் வேண்டும். ஒவ்வொன்றிற்கும் நில அளவையாளரை அழைத்துப் பெருங்கருவிகளைக் காட்டுக்குள் சுமந்து செல்வது இயலாத காரியம். ஒருவர் தோளில் சுமந்து சென்று, ஓரிரு நிமிடத்தில் நிறுத்தி, சாய்வைப் பார்க்கத்தக்க கருவி ஒன்றே இவ்வேலைக்கு ஏற்றதாக இருந்தது.

அதன் அமைப்பு இதுதான். உள்ளே வெறுமையான பித்தளைக் குழல் ஒன்று. அதன் ஒருமுனையில் கண் வைத்துப் பார்ப்பதற்கு ஊசித்துளை போன்ற சிறுதுளை. மறுமுனையில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் இரு மெல்லிய கம்பிகள். துளையையும் கம்பிகள் சந்திக்கும் புள்ளியையும் இணைக்கும் நேர்கோடே பார்வைக்கோடு. இக்குழலை ஒரு கோலின் மேலுள்ள கொளுவியில், தராசுக்கோலைத் தொங்கவிடுவதுபோலத் தொங்கவிடுவர். குழலோடு சேர்ந்து முன்னும் பின்னும் நகரக்கூடிய பாரமான எடை ஒன்று உண்டு. பற்சக்கரம் ஒன்றைத் திருகினால் அவ்வெடை குழலின் நீளத்திலே நகரும். குழலின் மேல் 120க்கு 1 முதல் 6க்கு 1 வரையிலான சாய்வுகள் பொறிக்கப்பட்டிருக்கும்.

இதன் தத்துவம் கடைத்தெருவில் தராசு பிடிக்கும் எவருக்கும் விளங்கும். எடை நடுவிலுள்ள சூனியக் குறியில் இருக்கும்போது குழல் மட்டமாக நிற்கும். எடையைப் பார்ப்பவர் பக்கமாக நகர்த்தினால் அந்தப் பக்கம் தாழ்ந்து, குழலின் முன்முனை மேல்நோக்கும். பார்வைக்கோடு ஏற்றத்தைக் காட்டும். எடையை அப்பால் நகர்த்தினால் இறக்கத்தைக் காட்டும். இங்கே இன்னுமொரு சிறப்பு உண்டு. எடை நகரும் தூரமும் சாய்வும் ஒரே விகிதத்தில் வளர்கின்றன. 10க்கு 1 என்னும் சாய்விற்கு எடை மூன்று அங்குலம் நகரவேண்டுமானால், 20க்கு 1 என்பதற்கு ஒன்றரை அங்குலமும், 30க்கு 1 என்பதற்கு ஓரங்குலமும் நகர்ந்தாற் போதும். இரசமட்டமோ கண்ணாடி வில்லைகளோ இதற்கு வேண்டியதில்லை. பூமியின் ஈர்ப்பே குழலை ஒவ்வொரு தடவையும் உரிய நிலைக்குக் கொண்டுவந்து விடுகிறது.

தடம் வரையும் முறையும் எளியது. கருவி ஓரிடத்தில் நிற்க, குறிப்பலகை தாங்கிய கோலுடன் மற்றொருவர் முன்னே செல்வார். அப்பலகையின் நடுக்கோடு, தரையிலிருந்து குழல் இருக்கும் உயரத்திலேயே இருத்தல் வேண்டும். பார்ப்பவர் கையசைக்க, முன்னே நிற்பவர் சரிவிலே சற்று ஏறியோ இறங்கியோ நிற்பார். குறுக்குக் கம்பிகளின் சந்திப்பு பலகையின் நடுக்கோட்டில் விழும் இடத்தில் முளை ஒன்று அறையப்படும். பின்னர் கருவி அம்முளைக்கு மாறும். பலகை இன்னும் முன்னே போகும். இவ்வாறு முளைக்கு முளை சென்றால், மலையின் மடிப்புக்கள் எவ்வளவு வளைந்தாலும் சாய்வு மாறாத ஒரு கோடு காட்டினூடே உருவாகிவிடும். மண்வெட்டியும் அலவாங்கும் அக்கோட்டைப் பின்தொடர்ந்து பாதை சமைக்கும்.

இவ்வளவு எளிய கருவியில் குறை நேரக்கூடிய இடம் எது? குழல் நேராக இருப்பது மட்டும் போதாது. அதனைத் தாங்கும் பகுதி உண்மையாக இருக்கவேண்டும். பார்வைக்கோட்டை மதிக்கும் எல்லாக் கலைகளுக்கும் இது பொதுவானது. துவக்கிலே தொலைநோக்கி பொருத்துவோர் இதனை நன்கறிவர். நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், 1840இல் தமக்கெனச் செய்வித்த ஒற்றைக்குழல் துவக்கு 21 இறாத்தல் எடையுடையது. அதில் தொலைநோக்கி இல்லை; யானையை மிக அண்மையில் நின்று சுட்டவருக்கு அது வேண்டியிருக்கவுமில்லை. ஆனால் தொலைவிலுள்ள இலக்குப் பலகையைச் சுடும் வீரர்கள் அமெரிக்காவில் அந்நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே, துவக்குக் குழலின் நீளத்திற்கு நீண்ட தொலைநோக்கிகளை அதன்மேல் பொருத்திப் பயன்படுத்தினர். அத்தொலைநோக்கியின் உள்ளே திருத்துவதற்கு எதுவுமில்லை. இரண்டு தாங்கிகளே அதனை ஏந்தின. முன்தாங்கி கீல்போல நிற்க, பின்தாங்கியிலுள்ள திருகாணிகள் குழல் முழுவதையும் மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்தின.

அவ்வகைத் தாங்கிகளின் கணக்கு வியப்பூட்டுவது. பிற்காலத்தில் இரு தாங்கிகளுக்கும் இடையே 7.2 அங்குல இடைவெளி விடுவது வழக்கமாயிற்று. 100 யார் என்பது 3,600 அங்குலம், அஃதாவது 7.2 அங்குலத்தின் 500 மடங்கு. ஆகவே பின்தாங்கி ஓரங்குலத்தின் 2,000இல் ஒரு பங்கு நகர்ந்தால், 100 யார் தூரத்தில் குறி கால் அங்குலம் நகரும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு நகர்வு தூரத்தில் 500 மடங்காகப் பெருகிவிடுகிறது. அனுமதிப்பத்திரம் பெற்று இலக்குச் சுடும் விளையாட்டில் ஈடுபடுவோர், தம் பட்டறையிலே தாமே தாங்கி செய்துகொள்ளும்போதும் இக்கணக்கையே அடிப்படையாகக் கொள்வர். தாங்கி தளர்ந்திருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த வில்லையும் பயன்படாது. திருத்த முடியாதபடி இறுகியிருந்தாலும் பயன்படாது. உறுதியும் நெகிழ்ச்சியும் ஒருங்கே வேண்டும்.

மலைப்பாதைக் குறிக்குழலுக்கும் இதுவே விதி. அதன் தாங்கி திருகாணி கொண்டதன்று. தொங்கும் கொளுவியும் நகரும் எடையுமே அதன் தாங்கி. கொளுவி தேய்ந்தாலும், குழல் சற்று வளைந்தாலும், சூனியக் குறி பொய்யாகிவிடும். பார்ப்பவர் மட்டம் என்று எண்ணுவார். குழலோ சற்று மேலே நோக்கிக்கொண்டிருக்கும். ஒரே பக்கமாகப் பார்த்துக்கொண்டே போனால் இந்தப் பொய் வெளிப்படாது. எனவே அளவையாளர் திருப்பிப் பார்க்கும் முறையைக் கையாள்வர்.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஒரு கருவி மட்டம் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு, உண்மையில் 100 அடிக்கு ஓரடி மேல்நோக்குகிறது என்க. முதல் முளையில் கருவியை நிறுத்தி, 100 அடி தூரத்தில் 'மட்டமான' இடத்தில் இரண்டாம் முளையை அறைந்தால், அம்முளை உண்மையில் ஓரடி உயரத்தில் இருக்கும். இப்பொழுது கருவியை இரண்டாம் முளைக்குக் கொண்டுசென்று, குறிப்பலகையை முதல் முளையில் நிறுத்தித் திரும்பிப் பார்க்கவேண்டும். முதல் முளை ஓரடி தாழ்வு. குழலோ மீண்டும் ஓரடி மேல்நோக்குகிறது. ஆதலின் பார்வைக்கோடு பலகைக்கு இரண்டடி மேலே செல்லும். ஓரடித் தவறு இரண்டடியாகிக் கண்முன் நிற்கும். திருத்த வேண்டியது அதில் பாதியே. பார்வைக்கோடு பலகைக்கு ஓரடி மேலே வரும்வரை எடையை நகர்த்தி, அந்த இடத்தைப் புதிய சூனியமாகக் கொண்டால் கருவி மெய்யாகும். துவக்கின் தொலைநோக்கியையும் கவைக்கட்டைகளின்மேல் வைத்து உருட்டிப் பார்த்து, குறுக்குக்கம்பி விலகிய தூரத்தில் பாதியைத் திருத்துவது வழக்கம். தியோடலைட்டு என்னும் பெருங்கருவியிலும் இம்முறையே நிலவுகிறது. கருவியைத் திருப்பி வைத்து வினாவினால், அது தன் குற்றத்தை இரட்டித்துச் சொல்லிவிடும்.

இத்தனை நுட்பம் எதற்கு என்று கேட்கலாம். பாதையிலே தவறு நேர்ந்தால் வண்டிக்காரன் உணர்வான். ஆனால் கானிலே நேரும் தவறு மெல்ல மெல்லவே வெளிப்படும். தேயிலைச் சரிவுகளில் மழைநீரை வடிக்கும் பக்கக் கான்களுக்கு 120க்கு 1 என்னும் மெல்லிய சாய்வு நெடுங்காலமாக வழங்கிவருவது. அஃதாவது 60 அடி தூரத்தில் ஆறங்குல இறக்கம் மட்டுமே. மேற்சொன்ன பிழையுள்ள கருவியைக் கொண்டு, திருத்தாமலே இக்கானை வரைந்தால் என்னவாகும்? 120க்கு 1 இறங்கவேண்டிய கான், 100க்கு 1 என்னும் பிழையினால் இறங்காமல், சிறிது ஏறவே செய்யும். நீர் தேங்கும்; தேங்கிய நீர் மண்ணுக்குள் ஊறும் அல்லது வரம்பை உடைத்துக்கொண்டு சரிவிலே பாயும். குழல் மறுபக்கமாகப் பிழைபட்டிருந்தால் கான் 55க்கு 1 என்னும் அளவிற்குச் செங்குத்தாகிவிடும். வேண்டிய சாய்விலும் இரண்டு மடங்குக்கு மேல். அப்பொழுது நீர் விரைந்தோடி மேல்மண்ணை வாரிக்கொண்டு போகும். நூற்றாண்டுகளாகக் காடு சேர்த்துவைத்த வளம், சில பருவமழைகளில் மகாவலியைக் கலக்கிக் கடலை நோக்கிச் சென்றுவிடும்.

மண் ஒழுகுவது மட்டுமே நட்டமன்று. சரிவின் கீழே மனிதர் வாழ்கின்றனர். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி, பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியதைத் தமிழ்மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். கண்டி மாவட்டமும் நுவரெலியா மாவட்டமும் மண்சரிவு அபாயம் உள்ளனவாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தால் குறிக்கப்பட்டவை. மண்சரிவிற்குக் காரணம் பல: பாறையின் தன்மை, மண்ணின் ஆழம், அடைமழையின் அளவு, காடழிப்பு, சரிவை வெட்டிக் கட்டிய கட்டடங்கள். கான் ஒன்றைச் செப்பமாக வெட்டினால் மலை சரியாது என்று எவரும் உறுதி கூற இயலாது. எனினும், சரிவுக்குள் ஊறும் நீரே மண்ணின் பிடிப்பைத் தளர்த்துகிறது என்பதும், மேற்பரப்பு நீரை ஒழுங்காக வடித்தல் அவ்வூறலைக் குறைக்கிறது என்பதும் பொறியியலார் ஒப்புக்கொண்டவை. வீட்டின் பின்புறத்துக் கான் எப்பக்கம் சாய்கிறது என்பதை அறிந்திருப்பது மலைநாட்டுக் குடும்பத்திற்கு வீண் அறிவாகாது.

இக்கருவியின் எளிய வடிவம் ஒன்றைப் பாடசாலை மாணவரும் செய்யலாம். மூன்றடி நீளமுள்ள நேரான பிளாஸ்டிக் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்க. ஒருமுனையைத் தகரத்தால் மூடி நடுவில் சிறுதுளை இடுக. மறுமுனையில் இரண்டு நூல்களைக் குறுக்காகக் கட்டுக. குழாயின் நடுவே, அதன் மேற்பக்கத்தில், தகர வளையம் ஒன்றை உறுதியாகப் பொருத்துக. குழாயின் கீழ்ப்பக்கத்தில் அதன் நீளத்திற்கு ஒரு மரச்சட்டம் கட்டி, அதிலே நகரக்கூடிய கொக்கியில் மணல் நிரப்பிய தகரப் பேணி ஒன்றைத் தொங்கவிடுக. நேரான கோலின் தலையில் அறைந்த வழுவழுப்பான ஆணியிலே வளையத்தை மாட்டினால் கருவி ஆயிற்று. வளையம் குழாயின் மேலே இருப்பது முக்கியம். பாரம் கீழே தொங்கினால்தான், ஆட்டிவிட்ட குழல் மீண்டும் தன் நிலைக்கு வந்து நிற்கும்.

இனிச் சூனியக் குறியை ஊகத்தால் இடலாகாது. திருப்பிப் பார்க்கும் முறையினாலேயே அதனைக் கண்டு, சட்டத்தில் கோடு கீறுக. பின்னர் மட்டமென்று உறுதிசெய்த இரு முளைகளை 30 அடி இடைவெளியில் அமைத்து, ஒன்றிலே கருவியையும் மற்றதிலே குறிக்கோலையும் நிறுத்துக. குழல் உயரத்திற்கு ஓரடி மேலே கோலில் ஒரு குறியிட்டு, பார்வைக்கோடு அதில் விழும்வரை பேணியை நகர்த்துக. அவ்விடமே 30க்கு 1 என்னும் ஏற்றம். சூனியத்திலிருந்து அவ்விடம் வரையுள்ள தூரத்தின் பாதி 60க்கு 1. காற்பங்கு 120க்கு 1. சூனியத்தின் மறுபக்கத்திலும் அவ்வாறே அளந்து இறக்கத்தின் குறிகளை இடலாம். பேணியின் பாரத்தை மாற்றினால் குறிகள் யாவும் பிழைத்துவிடும் என்பதை நினைவிற் கொள்க. காற்று வீசும்போது குழல் ஆடும். அது அடங்கும்வரை பொறுத்திருத்தல் வேண்டும்.

செய்மதிகளின் துணையால் இடமறியும் கருவிகளும், ஒளிக்கற்றையால் மட்டம் காட்டும் கருவிகளும் பெருகியுள்ள இக்காலத்தில் இப்பழங்குழல் எதற்கென்று சிலர் எண்ணலாம். கைத்தொலைபேசியே சாய்வைக் காட்டுகிறதே என்பர். அக்கருவிகள் பயன்மிக்கவை, விரைவும் நுட்பமும் உடையவை. ஆனால் அவற்றின் உள்ளே நிகழ்வது பயன்படுத்துவோருக்குத் தெரிவதில்லை. பிழை நேர்ந்தாலும் எண்கள் தெளிவாகவே தோன்றும். குழலையும் பேணியையும் தன் கையால் பொருத்திய மாணவனோ, எந்தக் கருவியையும் ஒருமுறை திருப்பி வைத்துப் பார்க்கப் பழகிவிடுகிறான். கைத்தொலைபேசியைக்கூட மேசைமேல் வைத்து ஒரு முறையும், முனைமாற்றி வைத்து மறுமுறையும் பார்த்தால், அதன் மட்டம் மெய்யோ பொய்யோ என்பது தெரிந்துவிடும்.

கம்பளையைச் சூழ்ந்த மலைகளில் பாதைகளையும் கான்களையும் வெட்டிய தொழிலாளரின் பெயர்கள் எந்தக் கற்றூணிலும் பொறிக்கப்படவில்லை. குறிப்பலகையைத் தாங்கி நின்று, கையசைவுக்கேற்பச் சரிவிலே ஏறியும் இறங்கியும் முளையறைந்தவர் யார் என்பதும் எங்கும் எழுதப்படவில்லை. அவர்கள் வகுத்த கோடுகள் பல இன்றும் நீரை உரிய திசையில் வடித்துக்கொண்டிருக்கின்றன. தூர்ந்துபோனவையும் உண்டு. அடுத்த பருவமழைக்கு முன்னர், ஊர்தோறும் பாடசாலைதோறும் அண்மையிலுள்ள கான் ஒன்றையேனும் அளந்து பார்த்து, தூர்ந்த இடத்தைத் துப்புரவு செய்து, சாய்வு மாறிய இடத்தைத் தோட்ட நிருவாகத்திற்கோ பிரதேச சபைக்கோ அறிவித்தல் நன்று. அதற்கு வேண்டுவன மூன்றடிக் குழாயும், மணல் நிரப்பிய பேணியும், அரைநாட் பொழுதுமே.